ஆண்ட துணி

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ஒரு துணிக்கடை. அந்தக் கடையில் துணிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

துணி பேசுமா என்று யாரும் கேட்க வேண்டாம். நம் ஊரில் தோளில் கிடக்கிற துண்டு பேசவில்லையா, வேட்டியின் கரை பேசவில்லையா? கரையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தானே நாற்காலியை விட்டு எழுந்திருப்பதா, உட்கார்ந்தபடியே தலையாட்டுவதா என்று முடிவு செய்கிறோம். அதை நம்புகிறவர்கள் இதையும் நம்பிவிட்டுப் போகலாம்.

அந்த ஊர் ஆண்கள் கல்யாணம், விருந்து என்றால் கில்ட் கட்டுவார்கள். கட்டம் போட்ட கம்பளித்துணியில், பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்து, முழங்கால்வரை வருகிற மாதிரி தைத்த உடுப்பு. பாவாடை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, முகம் சிவந்துவிடும். இதில் விசேஷம், ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டம். கோட்டின் நிறத்தையும் அகலத்தையும் பார்த்தே இன்னார் இன்ன குலம் என்று சொல்லிவிடலாம். நம்மவர்களுக்கு இதைக் கேட்டாலே நாக்கில் எச்சில் ஊறும். பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கடைசியில் குலசாமியைக் கேட்டுக் கண்டுபிடிக்க நாம் படாத பாடுபடுகிறோம். அவர்கள் அதை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு அலைகிறார்கள். எவ்வளவு வசதி பாருங்கள்.

கடையை நடத்தியவள் மெய்ரி என்ற அம்மாள். துணி உருளைகளை இரண்டு தட்டுகளில் அடுக்கியிருந்தாள். கைக்கு எட்டாத மேல்தட்டில் குலக் கட்டங்கள். கீழ்த்தட்டில் மற்றவை. குலக் கட்டங்கள் எப்போதாவதுதான் விலைபோகும், ஏணி வைத்து அடிக்கடி ஏறி இறங்க அவளுக்கு முழங்கால் வலி, அதனால் அப்படி அடுக்கினாள். மேல்தட்டுத் துணிகள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டன.

மேல்தட்டின் நடுவில் வீற்றிருந்தது ‘புராதன மக்டன்னாக்’. பேர்தான் புராதனமே தவிர, போன வசந்தத்தில் ஆலையில் நெய்து வந்த துணி. சாயத்தைக் கொஞ்சம் வெளுப்பாகப் போட்டால் அந்த வியாபாரத்தில் அதற்குப் புராதனம் என்று பேர், அவ்வளவுதான். நூலும் சுத்தக் கம்பளி இல்லை, பாதிக்கு மேல் பாலியெஸ்டர். ஊதினால் பறக்கும். ஆனால் வாயைத் திறந்தால் ‘ஆண்ட பரம்பரை’ என்றுதான் ஆரம்பிக்கும். அதற்கு ஜால்ரா போட பக்கத்திலேயே ‘கிளென்பார்’ என்று இன்னொரு குலக் கட்டம் சாய்ந்து கிடந்தது.

கீழ்த்தட்டில், வாசலுக்குப் பக்கத்தில், பொதுக் கட்டம் இருந்தது. அடர்ந்த பச்சை, அடர்ந்த நீலம், நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. சுத்தமான கம்பளி, தூக்கினால் கை இறங்கும் அளவுக்குக் கனம். எந்தக் குலமும் இல்லாதவர்கள், எந்தக் குலம் என்று தெரியாதவர்கள், தெரிந்தும் சொல்ல விரும்பாதவர்கள், யார் வேண்டுமானாலும் உடுத்தலாம் என்று உண்டாக்கின கட்டம். யார் வேண்டுமானாலும் உடுத்தலாம் என்பதால் யாருமே உடுத்த முன்வரவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது.

அன்று காலையில் எதிரே இருந்த பப்பின் முதலாளி கடைக்கு வந்தார். அவருடைய பப்பில் உயரமான முக்காலிகள் கிழிந்துவிட்டன, மேலே போர்த்தித் தைக்கக் கட்டத்துணி வேண்டும் என்றார். மெய்ரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பொதுவைக் காட்டினாள். நல்ல துணி, கொஞ்சம் மனசு கேட்கவில்லை, இன்று கடை சாத்தும்வரை விற்காமல் இருந்தால் எடுத்துக்கொள் என்றாள். அவரும் சரி என்று போய்விட்டார்.

பொதுவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு மனுஷன் இடுப்பில் ஏறி ஒரே ஒரு கல்யாணத்திலாவது ஆட வேண்டும். இப்போது பார்த்தால் ஆயுசு முழுக்கக் குடிகாரர்களின் அடியில் கிடக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மேல்தட்டுக்கு ஒரே கொண்டாட்டம். குலம் கோத்திரம் இல்லாததற்கெல்லாம் முக்காலிதான் சரியான இடம் என்றது கிளென்பார். புராதனம் அதை மெச்சிக்கொண்டு, தங்களைப் போன்றவர்களை உடுத்த ஒரு தகுதி வேண்டும், ரத்தத்தில் வர வேண்டும் என்றது.

“நாம் ரெண்டு பேரும் ஒரே ஆலையில், ஒரே தறியில்தானே நெய்யப்பட்டோம்? எனக்குப் பின்னால்தானே உன்னை ஏற்றினார்கள்?” என்று பொது கேட்டது.

“தறியைப் பற்றியெல்லாம் நாலு பேர் நடுவில் பேசுவது நாகரிகமில்லை” என்றது புராதனம்.

மேசையில் சுருண்டு கிடந்த இஞ்ச் டேப் சிரித்தது. ஊரில் இருக்கிற அத்தனை தொப்பையையும் சுற்றிவந்த டேப் அது. எந்தக் குலத்தின் தொப்பையும் அதற்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. ஆகவே அதற்கு யார்மேலும் பெரிய மரியாதை கிடையாது.

மத்தியானம் போல கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் குற்றாலிங்கம், பின்னால் வந்தவன் அவருடைய அக்காள் மகன் இசக்கிராஜன்.

இசக்கிராஜன் தென்காசிப் பக்கத்துப் பையன். இப்போது இந்த ஸ்காட்லாந்து ஊர் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற டாக்டர். எத்தனை பேரையோ தூங்கவைத்து எழுப்பியவனுக்கு, மாமா முன்னால் வாயில் கொழுக்கட்டை. அவனுக்கும் அதே ஊர் ஐல்சா என்ற பெண்ணுக்கும் ஆடி கழிந்ததும் கல்யாணம். முதல்முதலாகக் கில்ட் தைத்துக்கொள்ளத்தான் வந்திருந்தான். உனக்கு எந்தக் கட்டம் பிடிக்கிறதோ அதைக் கட்டிக்கொள் என்று பெண்வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிடித்ததை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் ஒரு மாமாவைத் துணைக்கு அனுப்பாமல் இருப்பார்களா?

குற்றாலிங்கம் மாமா லண்டனுக்கு வந்து தலை நரைத்துப்போனவர். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் முதல் வருஷமே தீர்ந்துவிட்டது. சாதி மட்டும் கெடாமல் இருந்தது. அங்கே சொந்தபந்தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, அதற்கு அவரே தலைவராகவும் இருந்தார். ஐல்சா விஷயம் காதில் விழுந்ததும் முதலில் குதிகுதி என்று குதித்தார். பிறகு அவள் குலத்துக்கு எங்கேயோ மலைமேல் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டார். ‘கோட்டை கட்டி ஆண்ட ஆளுங்க, நம்மளுக்குச் சரிசமம்தான்’ என்று சங்கத்து வாட்ஸப்பில் போட்டு, கோட்டைப் படத்தையும் சேர்த்துப் போட்டார். தன் தாத்தா தெருத்தெருவாக மீன் விற்றவர் என்று ஐல்சா அவரிடமே சொன்னாள். பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுது என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் சரிதான், ஒன்று மட்டும் இசக்கிராஜனின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவனுக்கு உலகம்மை என்று ஒரு தங்கச்சி. உள்ளூரிலேயே கிருபாகரன் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் நாலு தெரு தள்ளி இருக்கிறவன். அந்த நாலாவது தெருதான் வினை. வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். முழுகு என்று லண்டனிலிருந்து போனில் சொன்னவர் மாமா. இந்தக் கல்யாணத்துக்கும் அவர் போட்ட நிபந்தனை அதுதான்: உலகம்மை வந்தால் நான் வரமாட்டேன், உங்கம்மாவும் வரமாட்டாள். கடல் தாண்டி, கண்டம் தாண்டி ஒரு பெண் வீட்டுக்குள் வரலாம். நாலு தெரு தாண்டி ஒரு பையன் வரக்கூடாது.

தங்கச்சி இல்லாமல் தாலி கட்டுவதா, மாமாவை எதிர்த்துப் பேசுவதா என்று இசக்கிராஜன் பல நாளாகத் திண்டாடினான். உலகு போனில் பேசும்போதெல்லாம், ‘உன் கல்யாணப் போட்டோ மட்டும் அனுப்புண்ணே, போதும்’ என்பாள். அந்தப் ‘போதும்’தான் அவனைத் தூங்கவிடவில்லை. இன்று மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகும்போது நினைத்தான். மாமா ரயிலைவிட்டு இறங்கும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

மெய்ரி இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். முதல் கில்ட் எடுக்கிறவர்கள் கட்டத்தைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். முதலில் துணியின் கனத்தைப் பார்க்க வேண்டும். கனமான கம்பளி என்றால் மடிப்பு மடித்தபடி நிற்கும், நடந்தால் அழகாக வீசும், கடல்காற்றுக்கு அசைந்துகொடுக்காது. மெல்லிசுத் துணி மடிப்பை விட்டுவிடும், காற்றடித்தால் மேலே ஏறிவிடும். இதைச் சொல்லிவிட்டு அவள் பொதுவைக் கொண்டுவந்து இசக்கிராஜன் மடியில் போட்டாள்.

அவன் அதைத் தடவிப் பார்த்தான். கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பொதுவுக்கு உள்ளுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

இது எந்தக் குலம் என்று மாமா கேட்டார். எந்தக் குலமும் இல்லை, யாரும் உடுத்தலாம் என்றாள் மெய்ரி. மாமா அதைத் தொடவில்லை. மேலே ஏறெடுத்துப் பார்த்து, அங்கே இருக்கிறதில் எது பெரிய இடம் என்று கேட்டார்.

மெய்ரிக்குக் கேள்வி விளங்கவில்லை. அவர் திருப்பிக் கேட்டார்: யார் ஆண்டவர்கள், யார் யாருக்குக் கீழே, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம். மெய்ரி வாழ்நாளில் எத்தனையோ கேள்விகளைக் கேட்டவள். தண்ணீர்க் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்து எல்லாக் குலமும் மற்றக் குலத்தின் மாட்டைத் திருடியிருக்கிறது என்றாள். மக்டன்னாக்காரர்கள் அதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள்.

“கேட்டியாடே, அடுத்தவன் எல்லைக்குள்ள பூந்து அள்ளிட்டு வந்திருக்காங்க. அது ஆளுத வம்சம்தான்” என்றார் மாமா.

புராதனம் மேலே இருந்தபடி நெஞ்சை நிமிர்த்தியது. “விவரம் தெரிந்த மனுஷர். எங்கே இருந்தாலும் நம்மவர்களுக்கு நம்மவர்களைத் தெரிந்துவிடுகிறது” என்று கிளென்பாரிடம் சொன்னது.

மெய்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறிப் புராதனத்தை இறக்கினாள். மாமா அதை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். எத்தனை காலத்துப் பழசு என்று கேட்டார். போன வசந்தத்தில் நெய்தது, புராதனம் என்பது சாயத்தின் பேர் என்று மெய்ரி உள்ளதைச் சொன்னாள். மாமா அர்த்தத்தோடு சிரித்தார். பரம்பரைக்காரர்கள் வெளியே அப்படித்தான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று இசக்கிராஜனுக்குத் தமிழில் விளக்கினார். இது மெல்லிசு, கடற்கரைக் கல்யாணத்துக்கு ஆகாது என்று மெய்ரி மறுபடியும் எச்சரித்தாள். கனம் என்னத்துக்கு, பேரில் இருந்தால் போதாதா என்றார் மாமா.

இசக்கிராஜன் மடியில் பொது அப்படியே கிடந்தது. “பேசு, ஒரு வார்த்தை பேசு” என்று அது அவனிடம் கெஞ்சியது. துணி பேசுவது மனுஷர்களுக்குக் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் அவன் மாமாவின் முகத்தைத்தான் பார்த்திருப்பான்.

மாமா முடிவு செய்துவிட்டார். இதையே மாப்பிள்ளைக்கு வெட்டுங்கள் என்றார். மெய்ரி இசக்கிராஜனைப் பார்த்தாள். அவன் தலை ஆடியதா, குனிந்ததா என்று தெரியவில்லை. நம் வீட்டுப் பையன்களின் தலை பாதிக் காலம் அப்படித்தான் இருக்கும். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள்.

கில்டுக்குப் பேண்ட் போடுகிற இடத்தில் இடுப்பளவு எடுக்கக் கூடாது, தொப்புள்மட்டத்தில் எடுக்க வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் எல்லாருமே பேண்ட் அளவைச் சொல்லி மெய்ரியிடம் திட்டு வாங்குவார்கள். இந்தப் பையன் மட்டும் கேட்காமலே சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். அவன் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கினான். ஒல்லியான உடம்பு, டேப் ஒரு சுற்றில் ஓடிவந்துவிட்டது. அளவு முடிந்ததும் பையன் மறுபடி உட்கார்ந்து பொதுவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அந்த உடம்புக்கு எவ்வளவு துணி வேண்டுமோ அந்த இடத்தில் மெய்ரி சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். உருளையில் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். அந்தக் கத்தரிக்கோல் அதிகம் பேசாது.

“நான் ஒரு தடவைதான் கேட்பேன்” என்றது அது. “வெட்டின பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது.”

புராதனம் கண்ணை மூடிக்கொண்டு, பரம்பரைக்கு வெட்டுப்படுவது புதிதல்ல என்று வீரவசனம் பேசியது. கத்தரிக்கோல் கரையில் நுழைந்து பாதித் துணிவரை போய்விட்டது. பொது அடித்தட்டைப் பார்த்தது, வாசல்வழியே தெரிந்த பப்பைப் பார்த்தது. இனி அழுது பிரயோஜனமில்லை என்று அதற்குத் தோன்றியது.

“நிறுத்துங்க” என்றான் இசக்கிராஜன்.

தமிழில் சொன்னான். மெய்ரிக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோல் நின்றது.

“மாமா, நான் இத உடுத்த மாட்டேன்.”

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இதற்கு என்ன குறைச்சல் என்று கேட்டார்.

“என் பக்கத்துல மாப்பிள்ளைத் தோழனா கிருபா நிக்கான். அவனுக்கும் எனக்கும் ஒரே துணியில தைக்கணும். மடியில கிடக்கே, இதுல.”

எந்தக் கிருபா என்று மாமா கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. தெரியாத மாதிரி கேட்டால் அப்படி ஒருவன் இல்லாமலே போய்விடுவான் என்பது அவருடைய நம்பிக்கை.

“உலகு வீட்டுக்காரன் மாமா. எனக்கு மச்சான், உங்களுக்கு மருமகன். ரெண்டு பேரும் வாராங்க.”

மாமாவின் முகம் கறுத்தது. அவர் சத்தம் போடவில்லை, சத்தம் போடாமல் பேசும்போதுதான் அவரைப் பார்த்தால் பயமாக இருக்கும். அப்படியென்றால் என்னை மறந்துவிடு என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பெற்ற தாய் உயிரை விட்டுவிடுவாள், அவள் என்ன சொல்லுவாள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா என்று கேட்டார்.

இசக்கிராஜன் பொதுவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா ஒண்ணும் சொல்லல மாமா. போன வாரம் அவளாவே நடந்து உலகு வீட்டுக்குப் போயிருக்கா. கிருபாவ நிக்கவச்சு, தொப்புளச் சுத்தி டேப் பிடிச்சு, அளவ எனக்குப் போன்ல சொன்னா. இடுப்புல எடுத்துராதம்மானு நான்தான் சொல்லிக்குடுத்தேன். ‘பிள்ளை மெலிஞ்சிருக்கான்டா, கொஞ்சம் தாராளமாத் தைக்கச் சொல்லு’ன்னா.”

தமிழ் ஒரு வார்த்தை தெரியாத மெய்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பை நீவிவிட்டாள். நாலு தெருவையும் தாண்டி அந்த அம்மாள் நடந்துபோன தூரம் லண்டனிலிருந்து பார்த்தால் தெரியாது. டேப்புக்குத் தெரிந்தது. தென்காசியில் தன் சொந்தக்காரன் ஒருவன் தன்னைவிட நல்ல காரியம் பார்த்திருக்கிறான் என்று அது பெருமைப்பட்டுக்கொண்டது.

இசக்கிராஜன் கிருபாகரனின் அளவை மனப்பாடமாகச் சொன்னான். மெய்ரி பொதுவை விரித்து அளந்தாள். இரண்டு கில்டுக்குச் சரியாக இருந்தது, கிள்ளியெடுக்கக்கூட மிச்சமில்லை.

இப்போது பாதி வெட்டுப்பட்ட புராதனம் மேசையில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று மெய்ரி கவலைப்பட்டாள். மாமாவுக்குக் குலப்பெருமை பொறுக்கவில்லை. பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவரானால் ஆகட்டும், இதை நானே உடுத்துகிறேன், கல்யாணத்துக்கு வந்து வம்சம் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று எழுந்து நின்றார். வரமாட்டேன் என்று இப்போதுதானே சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்து வாட்ஸப்பில் போட்டோ போட வேண்டாமா?

மெய்ரி டேப்பை எடுத்து அவர் தொப்புளைச் சுற்றிக் கொண்டுபோனாள். மாமா மூச்சை இழுத்துப் பிடித்தார். டேப் போய்க்கொண்டே இருந்தது. சுற்றிவந்து தன் தலையைப் பிடித்ததும் எண்ணைப் பார்த்தது, வெட்டின துணியைப் பார்த்தது.

“பரம்பரை போதும், துணி போதாது” என்றது டேப்.

மெய்ரி அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னாள். ஒல்லியான மாப்பிள்ளைக்கென்று வெட்டியது, இனி இன்னொரு ஒல்லியான மக்டன்னாக்காரர் வந்தால்தான் உண்டு. அப்படி ஒருவர் வரும்வரை மேல்தட்டில் தூக்கிவைக்கத் தன் முழங்கால் இடம் கொடுக்காது. கடை சாத்துகிற நேரத்தில் பப்காரர் வந்தார். பொது விற்றுப்போய்விட்டது என்று சொல்லி, மெய்ரி அவர் கையில் புராதனத்தைக் கொடுத்தாள். இது மட்டும் போதாது என்று அவர் தலையைச் சொறிந்ததால் கிளென்பாரையும் இறக்கிக் கொடுத்தாள். ஜால்ரா தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறது என்று டேப் நினைத்துக்கொண்டது.

ஆடி கழிந்தது. கல்யாணத்தன்று கடல்காற்று குடையையெல்லாம் திருப்பிப்போட்டது. பொதுக் கட்டம் அதற்கு மசியவில்லை. இரண்டு இடுப்புகளில், மடிப்புக் கலையாமல், பக்கத்தில் பக்கத்தில் நின்றது. தாலி கட்டும்போது முடிச்சுப் போட நாத்தனார் வேண்டுமே என்று பூசாரியாக நின்ற நண்பர் கேட்டதும், உலகம்மை அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டினாள். முடிச்சுப் போடும்போது அவளுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர். அம்மா மருமகனின் கில்ட் இடுப்பில் சரியாக நிற்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பார்த்தாள்.

விருந்து மெய்ரியின் கடைக்கு எதிரே இருந்த பப்பின் மாடியில் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. மாடி அதிர அதிரப் பொது ஆடியது. கிருபாகரனுக்கு ஆட வராது, பொது அவனையும் சேர்த்துச் சுழற்றியது. ஐல்சாவின் அப்பா அவன் தோளில் கையைப் போட்டு என்னமோ கத்தினார், அவன் என்னமோ கத்தினான், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். யாரும் யாரையும் எந்த ஆள் என்று கேட்கவில்லை. அவ்வளவு சத்தத்தில் கேட்டாலும் காதில் விழாது.

குற்றாலிங்கம் மாமா வந்திருந்தார். கோட்டும் சூட்டும் போட்டு வந்து, போட்டோவுக்கு நடுவில் நின்றுவிட்டு, மாடிக்கு மட்டும் வரமாட்டேன் என்று கீழேயே தங்கிவிட்டார். கிருபாகரனோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டாராம். யாருமில்லாத பப்பில், ஓரத்தில் கிடந்த உயரமான முக்காலி ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கால் தரையில் எட்டவில்லை. பசி வேறு.

உலகம்மை ஒரு தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு இறங்கிவந்தாள். சின்னப் பிள்ளையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு குற்றாலத்தில் குளிக்கவைத்த மாமா அவர். ‘சாப்பிடுங்க மாமா, எல்லாம் ஆறிப்போவுது’ என்று தட்டை நீட்டினாள். அவர் சுவரில் தொங்கிய மான்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாமா முக்காலியில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

அவருக்கு அடியில், இழுத்துப் போர்த்தி ஆணி அடித்திருந்த புராதன மக்டன்னாக் மூச்சுவிட முடியாமல் தவித்தது. மேலே ஆட்டச்சத்தம், மேலேயே ஒரு முழு மனுஷனின் பாரம். எப்படியோ வாயை ஒருபக்கமாகத் திறந்து, பக்கத்து முக்காலியில் இருந்த கிளென்பாரிடம் ஒரே ஒரு விஷயம் விசாரித்தது.

“மேலே உட்கார்ந்திருக்கிறது நம்ம ஆளுதானே?”